டிரான்ஸ்பார்மர் யூனிட் தொடங்கினால் 15 சதவீத வரிதானா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஓசூரில் டிரான்ஸ்பார்மர் டேங்கும் ரேடியேட்டரும் செய்துகொடுக்கும் பார்ட்னர்ஷிப் நடத்துகிறீர்கள். இனி 100 முதல் 500 கே.வி.ஏ. வரையிலான பகிர்மான டிரான்ஸ்பார்மரையே முழுதாகச் செய்து மின் நிறுவனங்களுக்கு விற்கலாம் என்று எண்ணம். எந்திரத்துக்கு 4 கோடி ரூபாய் போட வேண்டியிருக்கிறது. புதுக் கம்பெனி பதிவு செய்தால் 15 சதவீத வரி கட்டினால் போதும் என்று ஒருவர் சொன்னாராம். அமெரிக்காவில் டிரான்ஸ்பார்மருக்கு 10 சதவீதச் சலுகை என்றும் படித்திருக்கிறீர்கள். இங்கே என்ன உண்டு என்பது கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: 4 கோடியைப் போடும்போது எந்தச் சலுகையை நம்பி வரவுப் பக்கம் எழுதலாம், எதை எழுதக் கூடாது? அதற்கே பதில் சொல்கிறேன்.

15 சதவீதம் இனி உங்களுக்கு இல்லை. அது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 115பிஏபி பிரிவு. 2019 அக்டோபர் 1க்குப் பிறகு பதிவான உற்பத்திக் கம்பெனி, குறித்த தேதிக்குள் உற்பத்தியைத் தொடங்கியிருந்தால், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 17.16 சதவீதம். அந்தத் தேதி முதலில் 2023 மார்ச் 31, பிறகு 2024 மார்ச் 31க்குத் தள்ளினார்கள், அதற்குமேல் நீட்டிக்கவில்லை. அதற்குள் உற்பத்தி தொடங்கியவர்களுக்கு விகிதம் தொடர்கிறது. அதைப் பார்த்துத்தான் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அமெரிக்கச் செய்தியைப் பொறுத்தவரை, பகிர்மான டிரான்ஸ்பார்மருக்கு 10 சதவீத உற்பத்தி வரிக்கழிவு கேட்டு 2025இல் அங்கே காங்கிரஸில் வந்தது ஒரு மசோதா. அதற்கும் உங்களுக்கும் தொடர்பில்லை. நம் நாட்டின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில், அதாவது பி.எல்.ஐ.யில், 14 துறைகள் உண்டு. டிரான்ஸ்பார்மர் அதில் இல்லை. சிறப்பு எஃகுப் பிரிவில், டிரான்ஸ்பார்மர் கோர் செய்யப் பயன்படும் மின்னெஃகு இருக்கிறது, ஆனால் அது எஃகாலைக்குப் போகும் பணம். ஆக, ஒரு டிரான்ஸ்பார்மர் செய்ததற்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கும் மத்திய வரிச்சலுகை எதுவும் இன்று கிடையாது. மற்றதெல்லாம் பொதுவாக உற்பத்தித் தொழிலுக்கு உள்ளவை.

பார்ட்னர்ஷிப்பாகவே தொடர்ந்தால் 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்ந்து 31.2, வருமானம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜ் வேறு. கம்பெனியாக இருந்தால் இரண்டு வழி. ஒன்று, 22 சதவீத வழி (பழைய சட்டத்தில் 115பிஏஏ); எல்லாம் சேர்த்து 25.168. புதுக் கம்பெனியாக இருக்க வேண்டும் என்றோ புது எந்திரமாக இருக்க வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. உங்கள் பழைய பிரெஸ்ஸையும் வெல்டிங் செட்டையும் தாராளமாகக் கொண்டுவரலாம். மேட் என்னும் குறைந்தபட்ச மாற்று வரியும் இதில் கிடையாது. இன்னொன்று, வழக்கமான வழி: விற்றுமுதல் 400 கோடிக்குள் இருப்பவர்களுக்கு 25 சதவீதம். வருமானம் ஒரு கோடிக்குள் என்றால் செஸ் சேர்த்து 26. ஒரு கோடிக்குமேல் 10 கோடி வரை 27.82. இந்த வழியில் மட்டும் புது எந்திரத்துக்கு 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் உண்டு. 22 சதவீத வழியில் அது போய்விடும்.

இந்தக் கூடுதல் தேய்மானத்தைக் காட்டித்தான் பலரும் வழக்கமான வழியைப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் அளவுக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்திரம் 4 கோடி. தேய்மானத்துக்கு முன் லாபம் 1.8 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 சதவீத வழியில் 15 சதவீதத் தேய்மானம் 60 லட்சம் போக 1.2 கோடி, வரி சுமார் 30.2 லட்சம். வழக்கமான வழியில் கூடுதலாக 80 லட்சம் கழியும். மீதி 40 லட்சத்துக்கு 26 சதவீதம், 10.4 லட்சம். முதல் ஆண்டில் ஏறத்தாழ 20 லட்சம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் வழக்கமான வழியில் மேட் உண்டு. கம்பெனிச் சட்டப்படி போடும் தேய்மானம் குறைவாக இருப்பதால் புத்தக லாபம் 1.5 கோடி அளவில் நிற்கும். அதன்மேல் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 15 முதல் 17 சதவீதம், அதாவது 23 முதல் 25 லட்சம் கட்டியே தீர வேண்டும். 20 லட்சம் என்று தெரிந்தது 5, 7 லட்சமாகச் சுருங்கிவிடும். அதுவும் நிரந்தர லாபமல்ல. எந்திரத்தின் மீதி மதிப்பு குறைந்துவிட்டதால் அடுத்த ஆண்டுகளில் தேய்மானம் குறையும், வரி ஏறும். பிற்பாடு 22 சதவீத வழிக்கு மாறினால், கூடுதல் தேய்மானத்தில் கழிக்கப்படாமல் நிற்கும் பகுதியும் கைவிட்டுப் போகும். உங்கள் அளவு யூனிட்டுக்கு, முதல் நாளிலிருந்தே 22 சதவீதம் என்பதுதான் என் முடிவான கருத்து. எந்திர முதலீடு 15, 20 கோடியாக இருந்து, முதல் இரண்டு ஆண்டும் புத்தக லாபமே இராது என்றால் கணக்கு மாறும்.

22 சதவீத வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு படிவம் உண்டு. பழைய சட்டத்தில் 10-ஐசி. அதை வருமான வரிக் கணக்குத் தாக்கலின் கெடுவுக்குள் கொடுத்துவிட வேண்டும். கணக்கு கெடுவுக்குள் போய், படிவம் மட்டும் விட்டுப்போய், முழு விகிதத்தில் வரி கேட்டு நோட்டீஸ் வந்த கம்பெனிகள் ஏராளம். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் திரும்ப முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. நான் எழுதியுள்ள பழைய எண்களை ஆடிட்டரிடம் அடையாளத்துக்குச் சொல்லுங்கள். தாக்கல் புது எண்ணில் இருக்கட்டும்.

எந்த வழியில் போனாலும் தேய்மானம் எந்திரத்தை வாங்கிய தேதியிலிருந்து அல்ல, பயன்படுத்தத் தொடங்கிய தேதியிலிருந்துதான். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதித் தேய்மானமே. அக்டோபர் முதல் சில நாட்களுக்குள் ஓடவில்லை என்றால் பாதி போயிற்று. டிரான்ஸ்பார்மர் தொழிலில் இது சிக்கல், ஏனென்றால் எந்திரம் ஓடுவதற்கும் முதல் பில் போடுவதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. ஐ.எஸ். 1180 பகுதி 1இன்படி இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் உரிமம் வேண்டும்; மின்சிக்கன நட்சத்திரக் குறியீடு வேண்டும்; பெங்களூரு, போபால் சி.பி.ஆர்.ஐ. அல்லது வடோதரா எர்டா போன்ற சோதனைக்கூடத்தில் ஷார்ட் சர்க்யூட் சோதனையும் இம்பல்ஸ் சோதனையும் தேறிய சான்று இல்லாமல் டெண்டரில் நுழையவே முடியாது. ஷார்ட் சர்க்யூட்டில் காயில் நகர்ந்துவிட்டால் வடிவமைப்பைத் திருத்தி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இந்தக் காலத்தில் சோதனைக்காகச் செய்த நான்கைந்து டிரான்ஸ்பார்மரை ‘பயன்பாடு’ என்று எடுத்துக்கொள்ளலாமா? சோதனை ஓட்டமும் பயன்பாடே என்று சொன்ன தீர்ப்புகள் உண்டு; மதிப்பீட்டு அதிகாரி மறுப்பதும் உண்டு. ஆகவே வைண்டிங் எந்திரத்தின் வேலைப் பதிவேடு, வேக்யூம் அவன் வெப்பநிலைப் பதிவு, மின்கட்டண ரீடிங், சோதனைக்கு அனுப்பிய டெலிவரி சலான் இவற்றைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள்.

22 சதவீத வழியிலும் தங்கும் ஒரு கழிவு, புது ஆள் எடுப்பதற்கானது (பழைய 80ஜேஜேஏஏ). மாதம் 25,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளம், பி.எஃப். பதிவு, வங்கி வழியே பட்டுவாடா, ஆண்டில் 240 நாள் வேலை, கணக்குத் தணிக்கை: இவை இருந்தால் கூடுதல் சம்பளச் செலவில் 30 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு மேலும் ஒருமுறை கழிக்கலாம். 18,000 ரூபாய் சம்பளத்தில் 40 பேர் என்றால் ஆண்டுக்கு வரி மிச்சம் சுமார் 6.5 லட்சம். நடுவில் 240 நாள் தேறாதவர் அடுத்த ஆண்டு தேறினால், அந்த ஆண்டு முதல் கணக்கில் வருவார். கான்ட்ராக்டர் வழி வரும் ஆட்களை நம்பி இதை எழுதாதீர்கள். இன்னொரு கண்ணி: இருக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவான தொழிலுக்கு இது கிடைக்காது. பார்ட்னர்ஷிப்பின் ஆட்களையும் வேலையையும் அப்படியே புதுக் கம்பெனிக்கு மாற்றினால் மாட்டிக்கொள்வீர்கள். டேங்க் வேலை பார்ட்னர்ஷிப்பிலேயே இருக்கட்டும். கோர் அடுக்க, காயில் சுற்ற, டேங்க்கிங் செய்ய கம்பெனி புதிதாக ஆள் எடுக்கட்டும்.

வரி என்று பெயர் இல்லாததால் பலர் கவனிக்காத ஒன்று இதைவிடப் பெரியது. பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டத்தில், 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் கூடுதல் வேலை ஒவ்வொன்றுக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கிடைக்கும், பி.எஃப். சம்பளம் 10,000க்கு மேல் 20,000 வரை என்றால் 2,000. பொதுவாக இரண்டு ஆண்டு. உற்பத்தித் தொழிலுக்கு நான்கு ஆண்டு. 50க்குக் குறைவான ஆட்கள் உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுக்க வேண்டும். ஆள் ஆறு மாதமாவது நிலைக்க வேண்டும். மேலே சொன்ன 40 பேருக்கு ஆண்டுக்கு 9.6 லட்சம். அதுவும் வருமானத்தில்தான் சேரும், ஆனாலும் வரி போக மிஞ்சுவது சிறிய தொகையல்ல. கெடு தெளிவாக இருப்பதால் யூனிட்டின் கால அட்டவணையை இதை வைத்தே போடலாம்.

அடுத்து ஜி.எஸ்.டி. என் பார்வையில் உங்கள் லாபத்தைத் தீர்மானிக்கப்போவது இதுதான். எச்.எஸ்.என். என்னும் சரக்கு வகை எண் 8504இல் டிரான்ஸ்பார்மருக்கு 18 சதவீதம். கோருக்கான சி.ஆர்.ஜி.ஓ. மின்னெஃகுத் தகடு, தாமிரம், அலுமினியம், ஆயில் எல்லாமே 18. உள்ளும் புறமும் ஒரே விகிதம் என்பதால் திரும்பக் கேட்க எதுவும் மிஞ்சாது. மின்சார விற்பனைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், உங்களிடம் வாங்கும் மின் பகிர்மான நிறுவனத்தால் அந்த 18 சதவீதத்தைத் தான் கட்டும் வரியில் கழித்து வரவு எடுக்க முடியாது. அது அவர்களுக்கு நேர்ச்செலவு. அதனால்தான் டெண்டரில் வரி சேர்த்த இறுதி விலையைப் பார்த்து நசுக்குகிறார்கள்.

பண ஓட்டத்தைப் பாருங்கள். மாதம் ஒரு கோடிக்குச் சரக்கு போனால் 18 லட்சம் ஜி.எஸ்.டி. பில் தேதியிலேயே கடமை பிறந்துவிடும்; பணம் வந்ததா என்பது கேள்வியே அல்ல. அதில் பெரும்பகுதியை ஏற்கெனவே தகடு வாங்கும்போது கொடுத்திருப்பீர்கள். மிச்சத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டுவீர்கள். பணம் 90 நாளில் வந்தால் வரியாக மட்டும் எப்போதும் 54 லட்சம் வெளியே நிற்கும். ஓவர்டிராஃப்ட் வட்டி 11 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 5.9 லட்சம். 180 நாளானால் 11.9 லட்சம். நீங்கள் இழந்த 15 சதவீத விகிதம், 1.2 கோடி வருமானத்துக்கு ஆண்டுக்கு 9.6 லட்சம்தான் தந்திருக்கும். பில் ஆறு மாதம் தள்ளிப்போனால், கிடைத்திருக்கக்கூடிய சலுகையைவிட அதிகமாக வட்டி தின்னும். இது வரிக்கு மட்டும். சரக்கின் விலைக்கான வட்டி தனி. ஆகவே உத்யம் என்னும் சிறுதொழில் பதிவுத் தளத்தில் சிறுநிறுவனமாகப் பதிவு செய்து, ஒவ்வொரு பில்லிலும் அந்த எண்ணை அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குமேல் தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று சட்டம் இருக்கிறது. வாங்குபவருக்கு அந்தச் செலவைக் கழிக்க விடாத வருமான வரிப் பிரிவும் (43பி-எச்) இருக்கிறது. ஆனால் நஷ்டத்தில் ஓடும் மின் நிறுவனத்தை அது உறுத்தாது. மாறாக, உங்கள் சிறு சப்ளையருக்கு நீங்கள் தாமதித்தால் உங்களைத்தான் உறுத்தும்.

டெலிவரி தாமத அபராதத்திலும் கவனம் வேண்டும். முழு விலைக்கு ஜி.எஸ்.டி. கட்டியிருப்பீர்கள், மின் நிறுவனம் பில்லில் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அந்த அபராதம் தனிச் சேவைக்கான கட்டணம் அல்ல என்று 2022 ஆகஸ்டில் வந்த 178ஆம் சுற்றறிக்கை தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் நீங்கள் முழு விலைக்குக் கட்டிய வரி தானாகத் திரும்பாது. எனவே டெலிவரி நாளை டெண்டரில் ஒப்புக்கொள்ளும் முன், தகடு வரும் நாளைக் கணக்கில் வையுங்கள்.

கட்டடத்தில் பலர் விடும் தவறு: ஷெட்டுக்கான ஜி.எஸ்.டி. வரவு வராது. எந்திரமும், அதன் அடித்தளமும், அதைத் தாங்கும் அமைப்பும் மட்டும் வரவுக்கு உரியவை. ஒரே கான்ட்ராக்டில் எல்லாவற்றையும் ஒரே பில்லாக வாங்கினால் எல்லாம் போகும். கோர் கட்டிங் லைனின் அடித்தளம், வைண்டிங் எந்திர மேடை, அவன் பீடம் இவற்றுக்குத் தனி ஒர்க் ஆர்டர், தனி பில். கிரேன் எந்திரம்தான், அதன் கேன்ட்ரி தூணே ஷெட்டின் தூணாகவும் இருந்தால் சண்டை வரும், எனவே வரைபடத்திலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்திரத்தின் ஜி.எஸ்.டி.யை வரவு எடுத்தால் அதே தொகைக்குத் தேய்மானம் போடக் கூடாது. போட்டால் வரவு பறிபோகும்.

சுங்கத்தில், “சி.ஆர்.ஜி.ஓ.வுக்கு வரிவிலக்கு” என்ற பட்ஜெட் செய்தியைப் படித்து ஏமாறாதீர்கள். 2023 பட்ஜெட்டில் தொடர்ந்தது, சி.ஆர்.ஜி.ஓ. எஃகைத் தயாரிக்கும் ஆலை இறக்கும் மூலப்பொருளுக்கு. தகடு வாங்கும் டிரான்ஸ்பார்மர்காரருக்கு அது நேராக வராது. தகட்டில் வரியைவிடப் பெரிய தடை, வெளிநாட்டு ஆலைக்கும் ஐ.எஸ். 3024க்கான பி.ஐ.எஸ். உரிமம் வேண்டும் என்பது. ஓர் ஆலையின் உரிமம் புதுப்பிக்கப்படாமல் நின்றால் சந்தையில் விலை ஏறும். உள்நாட்டில் நாசிக் ஆலை 2025 ஜனவரியில் ஜே.எஸ்.டபிள்யூ. - ஜே.எஃப்.இ. கூட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தது. நாட்டின் தேவைக்கு உள்நாட்டு உற்பத்தி இன்னும் போதாது. விலை மாறுபாட்டு வாசகம், அதாவது மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான ஈமாவின் சூத்திரப்படி விலை ஏறி இறங்கும் வகை, இல்லாத டெண்டரை முதல் ஆண்டில் தொடாதீர்கள்.

எந்திரம் இறக்குமதி செய்தால், அடிப்படை வரி 7.5 சதவீதம் என்று வைத்து ஒரு கோடிக்குக் கணக்கு: 7.5 லட்சம், சமூகநல சர்சார்ஜ் 75 ஆயிரம், ஐ.ஜி.எஸ்.டி. சுமார் 19.5 லட்சம். கடைசி 19.5 வரவாகத் திரும்பும். உண்மைச் செலவு 8.25 லட்சம். ஏற்றுமதி செய்வதாக ஒப்புக்கொண்டு எந்திரம் இறக்கும் ஈ.பி.சி.ஜி. உரிமத்தில் மூன்றும் கட்ட வேண்டாம், ஆனால் மிச்சமான வரியின் ஆறு மடங்குக்கு, இங்கே ஏறத்தாழ 1.66 கோடிக்கு, ஆறு ஆண்டுக்குள் ஏற்றுமதி செய்ய வேண்டும். முடியாவிட்டால் வரியும் வட்டியும். மின் வாரிய டெண்டரை மட்டும் நம்பும் யூனிட்டுக்கு இது வேண்டாத பாரம். சலுகை விகிதத்தில் உள்ளீடு இறக்கும் ஐ.ஜி.சி.ஆர். விதிமுறையில், பயன்படுத்தி முடிக்க 2025 பட்ஜெட் ஓராண்டு தந்திருக்கிறது. முன்பு ஆறு மாதம். மாத அறிக்கை காலாண்டு அறிக்கையாகியிருக்கிறது. சிறியவர்களுக்கும் இப்போது கையாளக்கூடியதுதான்.

வரிச்சலுகையாக இல்லாவிட்டாலும் சந்தையைத் திறப்பது உள்நாட்டுக் கொள்முதல் முன்னுரிமை. மத்திய அரசின் 2017 ஆணைப்படி, பொதுவாக உள்நாட்டுப் பங்கு 50 சதவீதமோ அதற்குமேலோ இருந்தால் முதல் வகுப்பு சப்ளையர். மத்திய நிறுவனங்களிலும், மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டமான ஆர்.டி.எஸ்.எஸ். போல மத்தியப் பணம் வரும் மாநில வேலைகளிலும் இது பொருந்தும். இறக்குமதித் தகட்டை இந்திய வியாபாரியிடம் ரூபாயில் வாங்கினாலும் அது உள்நாட்டுப் பங்கு ஆகாது. இதில் தவறாகச் சான்று கொடுத்தால் தடைப்பட்டியலில் போவீர்கள். 10 கோடிக்கு மேற்பட்ட கொள்முதலுக்கு ஆடிட்டர் சான்று வேண்டும்.

தமிழ்நாட்டில், 2021 தொழிற்கொள்கையின் தனிச் சலுகைத் தொகுப்புகள் 50 கோடி முதலீட்டில்தான் தொடங்குகின்றன. உங்கள் வழி மாவட்டத் தொழில் மையம். மின் சாதனம் முன்னுரிமைத் துறைகளில் இருப்பதால், எந்திர மதிப்பில் 25 சதவீதம், 1.5 கோடி உச்சவரம்பு என்ற முதலீட்டு மானியம் உண்டு. நடப்பு ஆணையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டே எந்திர ஆர்டர் கொடுங்கள். வங்கிக்குக் கொடுக்கும் திட்டக் கணக்கில் இதை வரவாக எழுதுங்கள், தேதி எழுதாதீர்கள். மானியம் அனுமதியாவதும் பணம் வருவதும் வேறுவேறு. எந்திரத்துக்கென்று வந்த மானியம் தேய்மான அடிப்படையைக் குறைக்கும்: 4 கோடிக்கு ஒரு கோடி வந்தால் 3 கோடிக்கே தேய்மானம்.

உறுதியில்லாதது ஒன்றைச் சொல்ல வேண்டும். சோலார் நிலையத்துக்குப் போகும் இன்வெர்ட்டர் டிரான்ஸ்பார்மருக்கு, 2025 செப்டம்பரில் 12இலிருந்து 5 ஆன சோலார் கருவி விகிதம் பொருந்துமா என்பது தீராத வழக்கு. வாங்குபவர் 5 போடச் சொல்லி வற்புறுத்தினால், வித்தியாசம் பின்னால் வந்தால் அவரே தருவார் என்று ஆர்டரில் எழுதி வாங்குங்கள். அதை எழுத மறுத்தால் 18 போடுங்கள்.

உங்கள் பார்ட்னர்ஷிப்பின் சொத்து, கடன், இடத்தின் உரிமை இவற்றைப் பார்க்காமல், கம்பெனி அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இங்கே சொல்ல முடியாது. அதை ஆடிட்டரோடு உட்கார்ந்து தீர்க்க வேண்டும். அவரிடம் போகும்போது எந்திர விலைப்புள்ளிகள், ஷெட் வரைபடம், எடுக்கப்போகும் ஆட்களின் சம்பளப் பட்டியல், கடந்த ஓராண்டில் உங்கள் பகுதி டிரான்ஸ்பார்மர்காரர்களுக்கு மின் நிறுவனம் பணம் கொடுத்த சராசரி நாட்கள் ஆகிய நான்கையும் எடுத்துப்போங்கள். நான்காவதைக் கேட்காமலே திட்ட அறிக்கை எழுதித் தருகிறேன் என்பவரிடம் எழுதி வாங்காதீர்கள்.